தீவனத்தை நிறுத்திய பண்ணைக்காரர்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கோழிப்பண்ணைக்காரரும் அவர் மனைவியும்.

“தீவனத்தை நிறுத்துனா கோழிக்கு முட்டை நின்னுரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றார் மனைவி.

“மெதுவாப் பேசு அம்மிணி. ஆஸ்பத்திரியில உன்னைய உள்ள கூப்பிட்டு டாக்டரம்மா என்னதான் சொன்னாங்க?”

“கொழுப்பு எத்தனை இருக்குதுன்னு செல்லுக்குள்ளயே பாக்கறதுக்கு ஒண்ணு இருக்குதாமுங்க. அதைப் பொறுத்துத்தான் பொம்பளைங்க ஹார்மோன் கூடும், குறையுமாம். நீங்க என் ரத்த ரிப்போர்ட்டுல கொழுப்பு கூடன்னு பாத்ததும் என் சோத்தைப் பாதியாக்கி, உங்க கொழுப்பு மாத்திரையவும் குடுத்தீங்க. மாசாமாசம் வாரதே நின்னு போச்சு.”

“மாத்திரைய விட்டுட்டு நல்லாச் சாப்பிட்டா?”

“சரியாகலாமுங்க. ஆகலீன்னா?”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“முட்டை நின்ன கோழிய லாரியில ஏத்தி உட்ருவீங்க. என்னைய எங்க அனுப்பப் போறீங்க?”