திரும்பாத பலகை

"அலோ... என்னங்க, கேக்குதா? ...ஆமா, ஆமா, நான்தான். எங்க இருக்கறீங்க? ...தக்காளி எறக்கியாச்சா? ...சரி சரி, வெலய வூட்டுக்கு வந்து சொல்லுங்க. இப்ப எங்க வரீங்க, அத சொல்லுங்க. ...எந்த வேலமரம்? ...குவாரிப் பாதையில இருக்கற வேலமரமா?"

காவியா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அதில் வழிகாட்டிப் பலகை சிவப்பாக நின்றது. அம்பு இடப்பக்கம் ஏரிக்கரை வழியைக் காட்டியது. குவாரியில் வேட்டு வைக்கும் நேரத்தில் யாரும் அந்தப் பாதைக்குள் போகக்கூடாது என்று அவள் செய்து கொடுத்த வலைப்பக்கம் அது. ஆபீசில் பொத்தானை அழுத்தினால் போதும், குவாரிப் பாதையைக் காட்டும் பச்சைப் பலகை நிஜப் பலகை மாதிரியே சுழன்று தன் சிவப்பு முதுகைக் காட்டும். அது வந்த பிறகு இன்றுதான் முதல் வேட்டு. அதற்குள் கட்டிய புருஷனே குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான்.

"ஐயோ, பலகைய பாக்காம ஏங்க உள்ள போனீங்க? ...பாத்தீங்களா? ...பச்சயா? வெளையாடாதீங்க. எனக்கு இங்க செவப்பா நிக்குது. ...சத்தியமாங்க. நீங்க காலையில தொறந்தத பாத்திருப்பீங்க. மூடிட்டு மறுபடி தொறங்க. ...ம்... ம்... வந்துருச்சா? ...பச்சயேவா! ...அம்பு? ...ரைட்டுலயா காட்டுது? ...நல்லா பாருங்க. ...சரி, கத்தாதீங்க."

அவள் தன் திரையிலும் பக்கத்தை மூடித் திறந்தாள். சிவப்புதான்.

"இருங்க, இருங்க. அத எதுல தொறந்தீங்க? ...பேரு தெரியாட்டி போவட்டும். நெட்டு கம்மியா தின்னும்னு ஒன்னு போட்டுக் குடுத்தனே, அதுலயா? ...ஆமா. ...ஆமாங்க, நான்தான் போட்டுக் குடுத்தன்."

அந்தக் குட்டி பிரவுசர் டேட்டாவை மிச்சம் பிடிக்க ஆட்டம், சுழற்சி எல்லாவற்றையும் உதறிவிடும். திரும்பு என்றால் அதற்குப் புரியாது, முன்பக்கத்தைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். இது காவியாவுக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். தன் கம்ப்யூட்டர் குரோமில் சுழற்றிப் பார்த்தாள், குவாரிக்காரர் மகன் பிரபாகரின் விலை உயர்ந்த போனில் சுழற்றிக் காட்டினாள். வீட்டில் அடுப்படி மேடைமேல் கிடக்கும் புருஷன் அன்புவின் போனில் மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. பலகைக்குக் கீழே 'இன்று வேட்டு' என்று எழுதியும் வைத்திருந்தாள். எழுத்து இருந்தால் கெத்து போய்விடுகிறது என்றான் பிரபாகர். அழித்துவிட்டாள்.

"உங்க போன்ல அது திரும்பாதுங்க. எப்ப பாத்தாலும் பச்சதான். ...அப்பறம் திட்டுங்க, வேணாங்கல. மொதல்ல வண்டிய நிறுத்துங்க. ...நிறுத்துங்கங்கறன்ல! ...திருப்ப எடம் இல்லியா? அப்ப ரிவர்சுலயே வாங்க. ...யாரு, கொடி புடிக்கற பச்சியப்பன் அண்ணனா? ...அவரு இருக்க மாட்டாருங்க. பலக வந்துருச்சேன்னு அவர வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. ...ஆமாங்க. நான் செஞ்ச பலகதான்."

பேசிக்கொண்டே அவள் மறுகையால் கம்ப்யூட்டரில் பிரபாகருக்கு வாட்ஸ்அப் செய்தி தட்டினாள். 'வேட்டு வைக்காதீங்க, உள்ள வண்டி இருக்கு.' அது ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

"பிரபாகருக்குப் போட்டிருக்கறன்... இன்னும் போவல. ...அவங்க யாருக்கும் போவாதுங்க, வெடிமருந்து இருக்கறதால ஆபீஸ்லகூட எல்லாரும் போன ஆஃப் பண்ணிருவாங்க. ...தெரியலீங்க, எனக்கு ஒன்னும் தெரியல. நீங்க வாங்க, பின்னாடியே வாங்க. ...என்னாச்சு? ...சக்கரம் எறங்கிடுச்சா? ...மண்ணுலயா? ...ஐயோ கடவுளே."

போனுக்குள் நீளமாக ஏதோ ஊளையிட்டது. அதே ஓசை கொஞ்சம் பிந்தி அவள் வீட்டு ஜன்னல் வழியாகவும் வந்தது.

"அது குவாரி சங்குங்களா? ...எத்தினியாவது? ...ரெண்டாவதா? ...மொதச் சங்கு கேக்கலியா உங்களுக்கு? ...பாட்டு போட்டிருந்தீங்களா... சரி, சரி. என்னங்க, நான் சொல்றத கேளுங்க. மூணாவது ஊதுனா வேட்டு. வண்டி கெடந்துட்டு போவுது. எறங்கி ஓடுங்க. ...தக்காளிப் பொட்டி கெடக்கட்டும்ங்க! வந்த வழியிலயே ஓடுங்க. போன வச்சிராதீங்க. ...ஓடறீங்களா? ...ஆமா, ஆமா, கேக்குது, மூச்சு வாங்கறது கேக்குது. ...பேசாதீங்க. பேசாம ஓடுங்க. ...வேலமரம் தெரியுதா? ...தெரியுதா, தாண்டிடுங்க. தாண்டிட்டா ஒன்னுமில்ல. நான் வூட்லருந்து கெளம்பி வரன், நீங்க..."

ஜன்னல் வழியாக மூன்றாவது சங்கு வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"என்னங்க... படுத்துக்குங்க! எங்கனா படுத்துக்குங்க! ...என்னங்க? ...என்னங்க!"

தரை ஒருமுறை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடி அடங்கியது. காதில் இருந்த போன் மூன்று முறை சிணுங்கிவிட்டுச் செத்துப்போனது.

"அலோ... அலோ... அன்பு..."

அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

திரையில் பலகை அசைந்தது. வேட்டு முடிந்ததென்று ஆபீசில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அவள் செய்த மாதிரியே, ஓரத்தில் மெல்லிய நிழல் விழ, நிதானமாகச் சுழன்று பச்சைக்கு வந்து நின்றது. அம்பு குவாரிப் பாதையைக் காட்டியது. இப்போது அவள் திரையிலும் அவன் போனிலும் ஒரே பலகைதான்.