ஜெயலெட்சுமி பேருல ஒரு துவக்கு

இல்ல மிஸ், லைசன் போம்ல ஒரு பிழையும் இல்ல. கிராமசேவகர் சைன் இருக்கு, பொலிஸ் ரிப்போட்டும் இருக்கு. அத நிப்பாட்டத்தான் வந்தேன். ஜெயலெட்சுமிங்கிறது எம் பொஞ்சாதி. பன்னி சுடுற துவக்குக்கு அவ பேருல லைசன் குடுத்துராதீங்க.

நான் கணபதி, ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மேல் லயத்துல இருக்கேன். பன்னி வர்றது உண்மதாங்க. லயத்துக்குப் பின்னால கெழங்கு போட்டிருக்கோம். போன மாசம் பூராவையும் கிண்டிப் போட்டுருச்சு. அவ உக்காந்து அழுதா. லயத்து ஆளுங்கதான் சொன்னாங்க, ஒனக்குத்தான தர மாட்டாங்க, அவ பேருல எழுதிப் போடுன்னு. நாந்தான் இந்த ஒபீசுக்கு வந்து போம் வாங்கிட்டுப் போனேன்.

எனக்கு ஏன் தர மாட்டாங்களா? ஒரு ஆளக் கொன்னிருக்கேன் மிஸ். எந்திரிக்காதீங்க, நான் இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன்.

அப்ப நமுனுகுலப் பக்கம் ஒரு முதலாளி மரக்கறி போட்டிருந்தாரு. நான் காவலு. லைசன் அவருக்கு, துவக்கு எங்கையில. கீழ்ப் பாத்தி முருகையாவோடது. ஒரே பீலியிலருந்துதான் ரெண்டு பக்கமும் தண்ணி. ஒருநா மத்தியானம் போய்ப் பாத்தா, எங்க குழாய வெட்டி அவன் பக்கம் திருப்பி வச்சிருக்கான். கேட்டேன். சிரிச்சான். சிரிச்சதுதான் மிஸ் ஞாபகம் இருக்கு. தோள்ள கெடந்தது எப்பக் கைக்கு வந்துச்சு, விரலு எப்ப அமுக்குச்சு, ஒன்னும் தெரியல. வெடிச் சத்தத்துக்கப்புறம் பாக்குறேன், வயித்தப் புடிச்சிக்கிட்டு கோவாச் செடி மேல உக்காந்திருக்கான். விரலுக்கு நடுவால கொடலு வருது. அத உள்ள தள்ளப் பாக்குறான். தள்ளிக்கிட்டே என்னப் பாத்து, தண்ணிக்காடா கணபதின்னு கேட்டான்.

நாந்தான் படங்குச் சீலையில சுத்தி ட்ரெக்டர்ல ஏத்துனேன். தலைய எம் மடியில வச்சிருந்தேன். பதுளை ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள, ஒரு ரோட்டு முடக்குல, மூச்சு நின்னு போச்சு.

ஒம்பது வருசம் உள்ள இருந்தேன். வெளிய வந்தப்ப இனி நீ துவக்கு வைக்கக் கூடாதுன்னாங்க. கோவம் வரல மிஸ். நிம்மதியா இருந்துச்சு.

ஆமாங்க, சட்டம் என்னத்தான் தடுக்குது, அவள இல்ல. நீங்க சொல்றது சரி. ஆனா ஒத்தக் காம்பரா வீட்ல அவ துவக்க எங்க ஒளிச்சு வைப்பா? அவ கொழுந்து பறிக்கப் போனா வீட்ல நான்தான் இருப்பேன். லைசன்ல பேருதான மிஸ் போடுவீங்க, கை யாரு கைன்னு போட முடியுமா?

இன்னிக்குன்னு ஏன் வந்தேனா?

முருகையாவுக்கு ஒரு மகன் இருக்கான், கஜேந்திரன். நான் உள்ள போகக்குள்ள பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தான், இப்ப ஆட்டோ ஓட்டுறான். இந்தப் போம் கதைய யாரோ அவங்காதுல போட்டுட்டாங்க. இன்னிக்குக் காலையில நேரா எங்க பாத்திக்கே வந்துட்டான். எங்கப்பனக் கொன்ன கைக்கு மறுபடியும் துவக்கான்னு கேட்டான். நியாயந்தான. குனிஞ்சு மண்ண வெட்டிக்கிட்டே இருந்தேன். பெறகு ஜெயலெட்சுமியப் பாத்து ஒரு வார்த்த சொன்னான். ஒங்க முன்னால அதச் சொல்ல ஏலாது.

மம்பட்டியால அடிச்சிட்டேன் மிஸ். தோள்பட்ட எலும்பு ஒடஞ்சது காதுல கேட்டுச்சு. விழுந்துட்டான். விழுந்தவன் மண்டைக்கு மறுபடி ஓங்குனேன். மம்பட்டி பாரம், ரெண்டாந்தடவ தூக்க நேரமெடுக்குது. அதுக்குள்ள அவ ஓடியாந்து எங்கையில தொங்கிட்டா. துவக்கா இருந்தா அவளுக்கு எங்க நேரம்?

உசுரு இருக்கு. கைதான் பழைய மாதிரி வராதாம். ஜெயலெட்சுமி ஆஸ்பத்திரியில அவங்கூடத்தான் இருக்கா. இந்தாங்க, லைசன் வேணாம்னு அங்க வச்சு அவ எழுதிக் குடுத்த கடுதாசி.

பொலிசுக்கு நீங்க போன் கோல் எடுக்க வேணாம், நானே போறேன். அங்க மொதல்ல போயிருந்தா இங்க வர விட்டிருக்க மாட்டாங்க. நிப்பாட்டாம விட்டா, நான் உள்ள இருக்கக்குள்ள லைசன் வந்து, துவக்கும் வீட்டுக்கு வந்துரும்.

நானும் ஒருநா வெளிய வருவேன்ல மிஸ்.