அசையாத கை

– இது மனுஷத் தூக்கமே இல்லீங்க, டிரைவரம்மா. தூக்கத்த அளக்க நான் குடுத்த வாட்ச்ச கட்டில் காலுல கட்டி வச்சீங்களா? சொல்லுங்க பார்ப்போம்.

– ஐயோ சிஸ்டர், சத்தியமா கையிலதான் இருந்துச்சு.

– நல்லாத் தூங்கறவங்களே ராத்திரிக்கு இருபது தடவை புரளுவாங்க. இங்க பதினாலு நாளும் பத்து மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் ஒரே நேர்கோடு.

– கோடு நேரா இருந்தா நல்லதுதானே சிஸ்டர்? அதான் விஷயம்.

– நீங்க சும்மா இருங்க சார். மறுபடி வண்டி ஓட்டலாம்னு சர்டிபிகேட் கேக்கறது உங்க சம்சாரத்துக்கு.

– ஸ்கூல் பஸ் சிஸ்டர், அம்பது பிள்ளைங்க. ஒரு வருஷமா வண்டியைத் தொடாம இவர் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

– அந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் கேக்கறேன். போன வருஷம் நாலு நாள் கண்ணே மூடாம என்ன செஞ்சீங்க?

– சமையக்கட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சேன்.

– ஃப்ரிட்ஜுக்கும் சேத்து சிஸ்டர். உள்ள இருந்த பால் பாக்கெட்டையும் விடல.

– நீங்க வாயை மூடுங்க!

– மூளைக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதும்மா. எல்லாருக்கும்தான். உங்களுக்கு அது கொஞ்சம் பிசகினாலும் வியாதி திரும்ப வந்துடும். இப்ப இதப் பாருங்க. தூங்கினா நாடி இறங்கணும். இங்க கை அசையல, ஆனா நாடி ராத்திரி பூரா எண்பத்தஞ்சு. முழிச்சுக்கிட்டே விறைச்சுப் படுத்து வாட்ச்ச ஏமாத்தியிருக்கீங்க. பஸ் வேண்டாம், மாத்திரையைக் கூட்டணும்னுதான் டாக்டருக்கு எழுதப் போறேன்.

– எழுதாதீங்க சிஸ்டர்! அது என் நாடியே இல்ல.

– பின்ன?

– இவரோடது. இவர் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டார். எனக்குத் தூக்கம் வராமப் போயிட்டா பஸ் போச்சேன்னு ஒரே பயம். அதான் தினம் பத்து மணிக்கு இவர் கையில கட்டிட்டு, அஞ்சு மணிக்குக் கழட்டி நான் போட்டுக்குவேன். ஏங்க, கோவிச்சுக்காதீங்க. ஏன் தரையைப் பாக்கறீங்க?

– நீ கட்டும்போது நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்.

– என்னது?

– ஒரு வருஷமா நீ தூங்கறியா, தூங்கறியான்னு பாத்து என் தூக்கம் எங்கயோ போயிடுச்சு. மொத நாள் நீ கட்டினதுமே புரிஞ்சுபோச்சு. புரண்டா உன் பஸ் கெட்டுடுமேன்னு கட்டை மாதிரி கிடந்தேன். மூக்கு நுனியில கொசு உக்காந்தப்பக்கூட அசையல. அதான் விஷயம்.

– பதினாலு ராத்திரியுமா? பைத்தியமாங்க உங்களுக்கு?

– அதை நான் பாத்துக்கறேன். டிரைவரம்மா, நீங்க தூங்கினீங்களா இல்லையா? சொல்லுங்க பார்ப்போம்.

– தெரியலையே சிஸ்டர். தலையணையில சாஞ்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் அலாரம்தான்.

– குறட்டை சிஸ்டர். என் கையில கட்டி முடிச்ச அடுத்த நிமிஷம். தினமும். நான் சாட்சி.

– நானா? குறட்டையா?

– சண்டையை வீட்டுல போடுங்க. டிரைவரம்மா, இன்னும் ரெண்டு வாரம் இதை உங்க கையிலயே கட்டுங்க. பஸ் எங்கயும் ஓடிடாது. சார், நீங்க கையை நீட்டுங்க, இன்னொரு வாட்ச் இருக்கு. பேர், வயசு சொல்லுங்க பார்ப்போம். உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடணும்.