இரண்டாம் நாள் எண்ணிக்கை

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை வேறு யாராவது துடைத்தால் எனக்குப் பிடிக்காது. கைக்குக் கிடைத்த துணியால் தேய்த்துக் கீறிவிடுவார்கள். அதனாலேயே ஆய்வகத்தில் செல்களை எண்ணும் வேலை என் ஒருவனிடமே இருந்தது. நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சிகிச்சை இதுதான். கொழுப்புத் தோல் போர்த்திய நுண்குமிழிகளை ஊசி வழியாக ரத்தத்தில் விடுவோம். வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அலை பட்டதும் அவை விம்மிச் சுருங்கும். பக்கத்துச் செல்லின் சுவரில் சின்ன ஓட்டை விழும். மருந்து உள்ளே நுழையும். ஓட்டை தானே மூடிக்கொள்ளும். அலையின் அழுத்தம் கூடிப்போனால் குமிழி வெடித்துச் செல்லைக் கிழித்துவிடும். எதுவரை போகலாம் என்று அளவு சொல்வது என் பொறுப்பு.

தட்டில் வளர்த்த செல்களுக்கு அலை கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து நீலச் சாயம் விடுவேன். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே சேர்க்காது. செத்தது நீலமாகிவிடும். என் தட்டுகளில் நீலமே இல்லை. "கையில என்ன மந்திரம் வெச்சிருக்கீங்க?" என்று பெரிய டாக்டர் தோளில் தட்டினார். ஒன்பது வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள், அதே அலை பட்ட மீதித் தட்டுகளை எண்ணினேன். பாதிக்கு மேல் நீலம். ஓட்டை மூடிய பிறகும் உள்ளே ஏதோ கெட்டு, மெல்லச் செத்திருக்கின்றன. முதல் நாள் அளவு அதற்குள் எல்லோர் கைக்கும் போய்விட்டிருந்தது. 'கிருமி பட்டுக் கெட்டுப்போனது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, தட்டுகளில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினேன். சோதனையைத் திரும்பச் செய்தபோதும் அதேதான்; மொத்தம் மூன்று தடவை அப்படிக் கொட்டினேன்.

அந்த வருடமே என் தங்கைக்கு மூளையில் கட்டி வந்தது. எங்கள் சிகிச்சையை அவளுக்குக் கொடுப்பதென்று முடிவானது. பள்ளிக்கூட டீச்சர், வாய் ஓயாதவள். "ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கியே, பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அவள் மேல் உயிர்.

"உங்க தங்கச்சிங்கறதால கேக்கறேன். இந்த அளவுல நம்பிக்கை இருக்கா?" என்றார் டாக்டர்.

"என் தங்கச்சிங்கறதாலதான் சொல்றேன். இருக்கு."

மொட்டையடித்த தலையோடு படுத்திருந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"பயமா இருக்குண்ணா. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"அண்ணன் கண்டுபிடிச்ச அளவும்மா. எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

என்னை நம்பித்தான் கையை எடுத்தாள்.

குமிழிகள் வெடிக்க ஆரம்பித்தால் மெஷின் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானாகவே நின்றுவிடும். அந்த வசதியை அன்று காலையே நான் அணைத்து வைத்திருந்தேன். பாதியில் நின்றால் அவள் இன்னும் பயந்துபோவாள் என்று நினைத்தேன்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மெஷினில் இருந்தேன். டாக்டர் அவள் பக்கத்தில் நின்று, பேச்சு தடுமாறுகிறதா என்று பார்க்க மாதங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார். "ஜனவரி, பிப்ரவரி, மார்ச்" என்று டீச்சர் குரலில் ஆரம்பித்தாள். நாலாவது நிமிடம் என் திரை முழுக்க வெடிப்புக் கோடுகள். "ஜூன்" என்றாள். பிறகும் "ஜூன்" என்றாள். அப்புறம் வாய் மட்டும் அசைந்தது. கண்கள் கண்ணாடி வழியே என்னையே தேடின. அத்தனை பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"அங்க எல்லாம் சரியா இருக்கா?" என்றார் டாக்டர்.

"சரியா இருக்கு டாக்டர். களைப்பா இருப்பா."

நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. நிறுத்தியிருந்தால் காரணம் கேட்பார்கள், கொட்டிய தட்டுகள் வரைக்கும் போவார்கள். இன்னும் இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். தெரிந்தேதான் ஓடவிட்டேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நான்தான் குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன். நான் அறைக்குள் போனாலே அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்காததால், இப்போதெல்லாம் கதவையும் சாத்திவிடுகிறேன்.