ஈயக் கம்பியை யார் பிடிப்பது?

எந்த அணியையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு நாற்காலிகளில் பாதிப் பாதியாக அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! வலப்பக்கம் அமர்ந்து வாள்போல் விழிக்கும் ஈய அணிப் பெரியோர்களே! இடப்பக்கம் அமர்ந்து இமைக்காமல் முறைக்கும் ஈயமில்லா அணி ஆன்றோர்களே! பழுது பார்ப்பவரையே கட்டிக்கொண்டும், ஓடாத மிக்சி பரண்மேல் கிடப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கும் பொறுமைக் கடல்களாம் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் தொண்டை கிழிந்த வணக்கம்.

தொண்டை ஏன் கிழிந்தது? பின்வரிசை ஐயா காதில் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். கேட்கவில்லையா ஐயா? எப்படிக் கேட்கும்? ஊமையாகிப்போன வானொலிகளை எல்லாம் உரக்கப் பேசவைக்கும் வல்லுநர்கள் கூடியிருக்கும் மன்றம் இது. இங்கே மைக் வேலை செய்யவில்லை! (சிரிப்பு) சிரிக்காதீர்கள். மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். அந்த ஆம்ப்ளிஃபயர் என் சோறு. அதுதான் அதோ, மேடை ஓரத்து மேசையில் மூடி கழன்று கிடக்கிறது. அதற்கு வலப்பக்கம் நிற்பவர் என் மாமா. இடப்பக்கம் நிற்பவர், அந்த மாமாவையே கட்டிய என் அக்கா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒரே பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்றைய தீர்மானம் என்ன? இந்தப் பழுது பார்ப்போர் சங்கத்தை இரண்டாகப் பிரிப்பது. அது நிறைவேறினால் என்ன ஆகும்? ஈய அணிக்கு மாமா தலைவர். ஈயமில்லா அணிக்கு அக்கா தலைவி. நாளைக் காலை அவர்கள் வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழும்பும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? செங்கல் வாசலில் வந்து இறங்கிவிட்டது. அதில் தடுக்கி விழுந்த முழங்கால் இதோ!

தொழில் தெரியாத உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டில் ஒரு பொருளை ஒட்டவைக்க, அயர்ன் என்கிற சூட்டுக்கோலால் ஒரு கம்பியை உருக்கி வைப்பார்கள். பழைய கம்பியில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கும். புதிய கம்பியில் அந்தக் காரீயம் கிடையாது; இங்கே ஈயம் என்பதெல்லாம் அதைத்தான். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கா வீட்டில் சுவர்?

ஈயம் இருந்தால் இளஞ்சூட்டில் இளகும், இழுத்த இழுப்புக்கு இணங்கும், இறுகினால் கண்ணாடியாய் மின்னும் என்பார் மாமா. ஈயம் நஞ்சு, விரலில் ஒட்டும், விரலிலிருந்து சோற்றில் ஒட்டும் என்பார் அக்கா. உன் கம்பிக்கு எவ்வளவு சூடு வைத்தாலும் போதாது, என் அயர்ன் முனையையே தின்னுகிறது என்பார் மாமா. முனை போனால் வேறு முனை வாங்கலாம் என்பார் அக்கா. இருவர் சொல்வதும் நியாயம்! நியாயமே இரண்டு பக்கமும் நின்றால் வீடு எங்கே நிற்கும்?

அவர்களுக்குள் பேச்சு நின்றது. மாமாவின் பாய் உதிரிபாக அறைக்குப் போனது. தலைமாட்டில் செத்த டிவி, கால்மாட்டில் சாகக் கிடக்கும் டிவி. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மாமா சுவரைப் பார்த்துக் கேட்பார். அக்கா, மின்சாரம் சோதிக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைப்பார். 'பீப்' என்றால் ஆமாம். மௌனம் என்றால் இல்லை. நான் விருந்துக்குப் போன அன்று, சோறு இருக்கிறதா என்று மாமா சுவரைக் கேட்டார். மௌனம். மாமாவோடு சேர்ந்து மச்சானும் பட்டினி!

என் ஆம்ப்ளிஃபயரில் ஓர் ஒட்டு விட்டுப்போனது. ஒரே ஓர் ஒட்டு, கடுகளவு. வீட்டு முன்பக்கம் இருவரும் சேர்ந்து நடத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். அக்கா தன் கம்பியை வைத்து ஒட்டினார். ஈயமில்லாத ஒட்டு நன்றாகவே இருந்தாலும் மங்கலாகத்தான் இறுகும். மாமாவின் கணக்கில் மங்கினால் அது கெட்ட ஒட்டு. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்துவிட்டுத் தன் கம்பியை வைத்துப் பளபளக்கச் செய்தார். அக்கா வந்தார். பளபளப்பைப் பார்த்தார். யார் வேலை என்று தெரிந்துவிட்டது. உறிஞ்சி எடுத்தார், மறுபடி மங்கலாக வைத்தார். மாமா வந்தார், மின்னவைத்தார். அக்கா வந்தார், மங்கவைத்தார். மின்னியது, மங்கியது, மின்னியது, மங்கியது! அது ஒட்டா, தெருவிளக்கா? (பலத்த சிரிப்பு)

அன்பர்களே, ஒட்டுக்கு அடியிலுள்ள செம்புத் தகடு எத்தனை முறைதான் சூடு தாங்கும்? போர்டை விட்டே பெயர்ந்து வந்துவிட்டது. ஒட்டுக்காகச் சண்டை போட்டார்கள். ஒட்டுவதற்கு இடமே இல்லாமல் போனது. அதனால்தான் இன்று நான் கத்துகிறேன்.

என்ன அம்மா, அக்காவுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்றா கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். அக்கா மீட்டரை எடுக்கவில்லை. என்னிடம் வாயால்தான் சொன்னார். "அவரு கம்பியப் பல்லுல கடிச்சுக்கிட்டே வேலை பாக்குறாருடா. ஒரு கையில அயர்ன், இன்னொரு கையில வயரு. கம்பிக்கு வாய். சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கம்பியையாவது மாத்தினா உடம்பு பொழைக்கும்னு நெனச்சேன்." மாமாவிடம் ஓடினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மூணாவது கைக்கு நான் எங்கடா போவேன்?"

கேட்டீர்களா சபையோரே! வலப்பக்கத்தாரே, இடப்பக்கத்தாரே, கேட்டீர்களா? உருகும் சூடு என்ன, உறையும் நிறம் என்ன என்று ஊரெல்லாம் வாதாடினோமே! ஒரே கடையில் நான்கு கைகள் இருந்தன. இரண்டு கை இங்கே, இரண்டு கை அங்கே. நடுவில் ஒரு மனிதர் ஈயத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்! எந்தக் கம்பி என்று கேட்டீர்களே, அந்தக் கம்பியை யார் பிடிப்பது என்று ஒருவராவது கேட்டீர்களா?

ஏன் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்? பேசுகிறவன் நான்! ஓ... பெயர்ந்த இடத்துக்கு மாற்றாக ஒரு வயரை இழுத்து ஒட்டப்போகிறார்கள். மாமா ஒரு கையில் அயர்னை எடுத்துவிட்டார். மறு கையில் வயர். கம்பி வாய்க்குப் போகிறது. மாமா, வேண்டாம்...

பிடுங்கிவிட்டார்! அக்கா பல்லிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டார்! எறியவில்லை. தன் கையில் பிடித்து, மாமா வைத்திருக்கும் முனைக்கு நீட்டுகிறார். புகை வருகிறது, பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது. எந்தக் கம்பியா? மாமாவின் கம்பிதான். அது ஈயத்தில் பிறந்த பழைய போர்டு, அதற்கு அதுவே பொருந்தும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? ஈய அணியினர் கைதட்ட வேண்டாம், உட்காருங்கள். புதுப் போர்டு வந்தால் அக்காவின் கம்பி, மாமாவின் கை. இடப்பக்கமும் கைதட்ட வேண்டாம்.

மாமா சுவிட்சைப் போட்டுவிட்டார். கேட்கிறதா, அந்த இரைச்சல்? என் சோறு பேசுகிறது! மைக் அவர்களுக்கு நடுவில் கிடக்கிறது. அது அவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லிவிடாதீர்கள்.

(ஒலிபெருக்கியில் ஆண் குரல், மிகத் தாழ்வாக: "இன்னிக்கி... நான் உள்ள வந்து சாப்பிடட்டுமா?")

மூச்சு விடாதீர்கள். அக்கா மீட்டரை எடுக்கிறார். இரண்டு முனைகளும் நெருங்குகின்றன. ஒரே ஒரு பீப், அக்கா, ஒன்றே ஒன்று... ஐயோ, கீழே வைத்துவிட்டார். மீட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

(ஒலிபெருக்கியில் பெண் குரல்: "மொதல்ல கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. வாயையும் கொப்பளிங்க. சேர்ந்தே சாப்பிடலாம்.")

தலைவர் அவர்களே, இனி நீங்கள் ஒரே நாற்காலியில் முழுதாக உட்காரலாம். மாமா மேடையை விட்டு இறங்குகிறார். வழி விடுங்கள், அவர் குழாயடிக்குப் போகிறார். செங்கல் தேவைப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். மைக் வந்துவிட்டது, ஆனால் நான் பேச வேண்டியது தீர்ந்துவிட்டது. இதுவரை கேட்ட காதுகளுக்கும், கேட்காமலே பொறுத்துக்கொண்ட பின்வரிசை ஐயாவுக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.