முள்ளனுக்கு வெள்ளை பூசலாமா?

மின்விசிறி சுற்ற மறுத்தாலும் முகம் சுளிக்க மறுத்து, இந்த மேடையின் நடுவில் வீற்றிருக்கும் எங்கள் அமரவிளை ஆட்டோ ஓட்டுநர் சங்கத் தலைவர் அருமநாயகம் அண்ணன் அவர்களே! தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் எப்போது முடிப்பேன் என்று கடிகாரம் பார்க்கும் செயலாளர் சோமன் அண்ணன் அவர்களே! ஒரு கையில் பிரஷ்ஷும் மறு கையில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவுமாக என் வண்டியருகே தயாராக நிற்கும் பெயின்டர் ரெஜி அவர்களே! வெள்ளறடை ரப்பர்க்காட்டிலிருந்தும் காஞ்சிரங்குளம் கடற்காற்றிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! ஒரு மூச்சில் தமிழும் மறு மூச்சில் மலையாளமும் பேசி, கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பொழியும் என் தாய்மார்களே! பதின்மூன்று வண்டிகள் நிற்கும் இந்த ஸ்டாண்டின் ஒரே பெண் ஓட்டுநர் லேகா, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஆண்டு விழாவில் ஒற்றுமையைப் பற்றிப் பேசு என்றார்கள். பேசுகிறேன். ஆனால் என் வண்டியின் பின்னால் இருப்பவனை விட்டுவிட்டு எப்படிப் பேசுவேன்?

ஊரிலுள்ள ஸ்டாண்டிலெல்லாம் ஆட்டோவுக்குச் சாமி பெயர் வைப்பார்கள், பிள்ளை பெயர் வைப்பார்கள். நம் ஸ்டாண்டில் மட்டும் படக்கதை நாயகர்களின் பெயரை எழுதி, பின்னால் படமும் வரையலாம் என்று ஆசைப்பட்டவர் யார்? இதோ, ஒன்றும் அறியாதவர்போல் சோடா குடிக்கிறாரே, நம் தலைவர்தான்! எல்லை தாண்டிக் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் காமிக்ஸ் வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து படித்த தலைமுறை அல்லவா அவர்! அன்று தொடங்கிய ஆசையில், விஜயதாஸ் அண்ணன் வண்டியில் வெள்ளிச்சிறகன் பறந்தான். கனகதாஸ் அண்ணன் வண்டியில் மின்னற்கையன் மின்னினான். பன்னிரண்டு வண்டியிலும் பன்னிரண்டு வீரர்கள், பன்னிரண்டு பேருக்கும் பளபளக்கும் பற்கள்.

பதின்மூன்றாவதாக வந்தவள் நான். நான் யாரை எழுதினேன்? முகமெல்லாம் முள், மூக்கின்மேல் கோபம், திருடனிடமே திருடும் திருடன், முள்ளன்! என் மகன் அபிஜித் ஜப்பான் கார்ட்டூனையெல்லாம் போனில் கரைத்துக் குடித்தவன். அவன்தான் விளக்கினான்: "அம்மா, முள்ளன் வில்லன் ஒண்ணும் இல்ல. ஆன்டிஹீரோவாக்கும். நல்லது செய்வான், ஆனா நல்ல பேரு வாங்கத் தெரியாது." நல்ல பேர் வாங்கத் தெரியாதா? அப்படியானால் அவன் என் சொந்தக்காரன்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அதற்கப்புறம் நடந்தது என்ன? முறைப்படி முதலில் நிற்கும் வண்டியில்தானே ஆள் ஏற வேண்டும்? என் வண்டி முதலில் நின்றால், வருகிறவர்கள் முள்ளன் முகத்தைப் பார்க்கிறார்கள், "அய்யோ, சகுனம் சரியில்ல" என்கிறார்கள், இரண்டாவது வண்டிக்குப் போகிறார்கள். வரிசை குலைகிறது. வாக்குவாதம் வளர்கிறது. சென்ற ஆண்டு இருபத்தொன்பது பேர் கையெழுத்திட்ட புகாரும் வந்தது. ஆகவே இன்றைய தீர்மானம்: முள்ளனை அழி, வெள்ளை பூசு, பூவின் பெயர் எழுது. முல்லையாம்! எனக்கும் முல்லைக்கும் என்ன சம்பந்தம் தாய்மார்களே?

தீர்மானம் வருவதற்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். நாயகன் என்பவன் யார்? நாலு பேர் பார்க்க நல்லது செய்பவனா? நன்றி சொல்லக் கூட்டம் இருந்தால் மட்டும் பறந்து வருபவனா?

கதை சொல்கிறேன். காமிக்ஸில் வந்த கதை. பெருவெள்ளத்தில் நீதிபதியின் குழந்தையை முள்ளன் கரை சேர்க்கிறான். யார் காப்பாற்றியது என்று நீதிபதிக்குத் தெரியாது. மறுநாள் அதே நீதிபதி முன்னால் முள்ளனைக் கொண்டு நிறுத்துகிறார்கள். "வெள்ள ராத்திரியில் எங்கே இருந்தாய்?" ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. சொன்னானா? சொல்லவில்லை. ஏன்? கரையில் குழந்தையை வாங்கிய தாய், "திருடன் கை பட்டது என்று யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டிருந்தாள். முள்ளன் பொய் சொல்ல மாட்டான், வாக்குக் கொடுத்தால் வாய் திறக்கவும் மாட்டான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பாறசாலை ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதவள் நான். இதில் எனக்கு வெட்கமில்லை.

இனி சொல்லப்போவது காமிக்ஸ் அல்ல. இந்த ரோட்டில் நடந்தது.

சென்ற ஆண்டு ஒரு நாள், ஓர் அக்கா இந்த ஸ்டாண்டுக்கு ஓடி வந்தார். மகள் காஞ்சிரங்குளத்தில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதப் போயிருக்கிறாள், அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டாள். அட்டை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு வருடப் படிப்பு அந்த அக்காவின் உள்ளங்கையில்! முதல் வண்டி என்னுடையது. அக்கா முள்ளனைப் பார்த்தார், பின்னாலிருந்த வெள்ளிச்சிறகனில் ஏறினார்.

விஜயதாஸ் அண்ணன் உண்மையிலேயே வீரர். நெய்யாற்றின்கரை தாண்டியதும் ஒரு மரச்சீனிக் கிழங்கு லாரியின் சக்கரம் ஓடையில் இறங்கிக் கிடந்தது. வீரர் சும்மா போவாரா? வண்டியை நிறுத்தினார், லாரியைத் தள்ளினார், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார், விசில்கூட அடித்தார்! ஊரே கைதட்டியது. எல்லாரையும் காப்பாற்றினார், ஏற்றி வந்த ஆளைத் தவிர! என்ன அண்ணா, இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்? தலை குனிந்து சிரிக்கிறார், நல்ல மனிதர்.

அடுத்து கிடைத்த சவாரியை நெய்யாற்றின்கரையில் இறக்கிவிட்டு, அந்த வழியே காலி வண்டியோடு வந்தேன். ரோட்டோரத்தில் அக்கா அழுதுகொண்டு நிற்கிறார். கேட் அடைக்க இருபதே நிமிடம். "கேறுங்க அக்கா" என்றேன். கேறினார், கண்ணை இறுக மூடிக்கொண்டு! நான் விசிலடிக்கவில்லை தாய்மார்களே, வாயடித்தேன். வழிவிடாத பஸ்காரனிடம் சண்டை, குறுக்கே வந்த பைக்குக்காரனிடம் சண்டை, நின்று முறைத்த மாட்டிடமும் சண்டை. நான்கு நிமிடம் பாக்கி இருக்கப் பள்ளிக்கூடத்து முக்குக்கு வந்துவிட்டோம்.

அங்கே அக்கா என் தோளைத் தட்டினார். "லேகா, இங்கனயே நிறுத்து. நான் நடந்து போறேன். ஒனக்க வண்டியில வந்தேன்னு எனக்க பிள்ள கண்டா மனசு கலங்கும். யாருட்டயும் சொல்லிராத மக்கா, என்னா?"

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் ஓடினார். எனக்கு வலித்தது. பொய் சொல்லவா? நன்றாக வலித்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் அந்த அக்காவும் புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

யார் அந்த அக்கா என்று கேட்கிறீர்கள். பின்வரிசையில், "பேரைச் சொல்லு லேகா, தீர்மானத்தைத் தோற்கடிச்சிரலாம்" என்று எபின் கத்துகிறான். இல்லை எபின், சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லி முள்ளனைக் காப்பாற்றினால், அப்புறம் என் வண்டியில் இருப்பவன் முள்ளனே அல்ல. வெள்ளை பூசுவதாக இருந்தால் பூசுங்கள். வாக்கு வாக்குத்தான்!

தலைவர் மணி அடிக்கிறார். முடித்துக்கொள்கிறேன் அண்ணா. யாரது, கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நிற்பது? அம்மிணி அக்கா, உட்காருங்கள். வேண்டாம் அக்கா, நான் ஒன்றும் சொல்லவில்லையே. பேசியே தீருவீர்களா?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். அக்கா சொன்னதை நானே மைக்கில் சொல்கிறேன். "அந்தப் பொம்பள நானாக்கும். எனக்க மவ நீது வேலை லிஸ்டில வந்தது இந்த முள்ளன் வண்டி கொண்டாக்கும். ஒரு வருஷமா லேகா யாருட்டயும் வாயே திறக்கல்ல. நான் இட்ட கையெழுத்தை வெட்டுங்க சோமா. லேகா, நீ என்னைய இப்ப வீட்டுக்குக் கொண்டு விடணும். முக்குல இறக்கப்பிடாது. எனக்க நடையில, எல்லாரும் காண இறக்கணும்!"

கேட்டீர்களா? சோமன் அண்ணன் தீர்மானத்தை எடுத்துவிட்டார். வாசிக்கவில்லை, அதைக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார்! தலைவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். ரெஜி, டப்பாவை மூடு, பெயின்ட் காய்ந்துவிடும்.

பறக்கும் வீரர்களும் வேண்டும், முள்முகக்காரர்களும் வேண்டும். ஒரே வரிசையில் இருவரும் நிற்கட்டும். நீங்கள் கேட்ட ஒற்றுமை இதுதான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. ஆள் காத்திருக்கிறார், இறங்குகிறேன். முறை யாருடையது என்று யாரும் சண்டையிட வேண்டாம். முதல் வண்டி என்னுடையதுதான், காலை ஏழு மணியிலிருந்தே என்னுடையதுதான்! வாருங்கள் அம்மிணி அக்கா. வணக்கம்.