ஸ்கெல்பி வேகனின் நிறம்

நான் பொறுமைக்காரன். அரிசியில் பாதி அளவுள்ள கதவுக் கீல் ஒன்றை ஒரு நிலக்கரி வேகனில் ஒட்டுவதற்கு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பேன். நிஜ வேகனின் ஓரடி என் மேசையில் நான்கு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவேன்.

எங்கள் யார்க்‌ஷயர் ஊரில் மாதிரி ரயில் சங்கம் புதன்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் கூடும். பத்தொன்பது வருடம் நான் அதன் செயலாளர். ஸ்கெல்பி சுரங்கத்தின் வேகன்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறேன். அந்த மரவேகன்கள் எல்லாம் என்றோ விறகாகிவிட்டன. மிஞ்சியவை பதினொரு கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லாவற்றிலும் பக்கப் பலகை கரியாகவும் எழுத்து வெள்ளையாகவும் தெரிந்தன. கறுப்பு வண்ணம் என்று எழுதினேன். என்னை நம்பி நாடு முழுக்கப் பலர் தங்கள் வேகன்களுக்குக் கறுப்பு அடித்தார்கள்.

ஆர்னால்ட் ஓல்ட்ராய்டை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தோம். எண்பத்து மூன்று வயது. அந்த வேகன்களைக் கட்டிய பட்டறையில் பதினொரு வருடம் எழுத்து வரைந்தவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார்; தானே சமைத்துக்கொண்டு, தோட்டத்தில் லீக்ஸ் என்ற தண்டு வெங்காயம் போட்டுக்கொண்டு. மகள் மாரீன் இரண்டு தெரு தள்ளி. அவருடைய நினைவுகளைப் பதிவு செய்ய நான் மட்டும் போனேன். கையில் என் மாதிரி வேகன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“வேலை பிரமாதம், தம்பி. ஆனா யாரு செத்துப்போனாங்க?”

“புரியலையே, மிஸ்டர் ஓல்ட்ராய்ட்.”

“பின்ன ஏன் துக்கத்துக்குக் கிளம்பின மாதிரி கறுப்பு அடிச்சிருக்க? ஸ்கெல்பி வேகன் சிவப்புப்பா.”

படங்களைக் காட்டினேன். சிரித்தார்.

“எழுத்துக்குப் பக்கத்துல கறுப்புல நிழல் போட்டது இந்தக் கைதான். கறுப்பு வண்டிக்குக் கறுப்பு நிழல் எந்த மடையனாவது போடுவானா? உன் புத்தகத்துல மட்டும்தான் அப்படி ஒரு மடையன் இருக்கான் போல.”

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அந்தக் காலத்துப் படச்சுருளில் சிவப்பு ஒளி பதியாது. அதனால் சிவப்பு வண்ணம் படத்தில் கறுப்பாக விழும். அதன் மேல் போட்ட கறுப்பு நிழலும் அதோடு கலந்து மறைந்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. இதே தவறைச் செய்த ஒருவரை எங்கள் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குக் கிழித்திருக்கிறேன்.

இருந்தாலும் சரிபார்த்தேன். ஊருக்கு வெளியே ஒருவர் பழைய ஸ்கெல்பி பலகைகளால் கோழிக்கூடு கட்டியிருந்தார். ஒரு பலகையை ஈரமாக்கி உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். மேலே, கூட்டுக்காரர் மழைக்குப் பூசிய தார். அதற்கடியில் வெள்ளை எழுத்தின் விளிம்பு, அதை ஒட்டிக் கறுப்பு நிழல். இரண்டுக்கும் கீழே நல்ல சிவப்பு. அடிப்பூச்சு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அடிப்பூச்சு அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் இருந்தது. வேறு பலகை கொடுத்து அதை வாங்கி வந்து, வீட்டுக் கணப்பில் எரித்தேன். எரிய வெகுநேரம் ஆனது.

எங்கள் சங்க வழக்கப்படி, கேட்ட நினைவுகளைத் தட்டச்சு செய்து, சொன்னவரிடம் கையெழுத்து வாங்குவோம். ஓல்ட்ராய்டின் நினைவுகள் நான்கு பக்கம் வந்தன. மூன்றாம் பக்கத்தில் வேகன்கள் கறுப்பு என்று அடித்தேன். அவர் லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி உள்ளே இருந்தது. “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார்.

அடுத்த புதன்கிழமை அவரைக் கூட்டத்துக்கு அழைத்தோம். சொல்வார் என்று தெரியும். சொன்னார்.

“எல்லாம் சிவப்பு. இதோ, இந்த டெஸ்மண்டுகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே.”

நான் கடிந்து பேசவில்லை. மூன்றாம் பக்கத்தையும் கையெழுத்தையும் அவர் முன்னால் வைத்தேன். “பரவாயில்ல, மிஸ்டர் ஓல்ட்ராய்ட். வயசானா எல்லாருக்கும் வர்ற மறதிதான்.”

இருபது பேர் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

“என் கையெழுத்துதான்,” என்றார். “அப்ப நான் எதை நினைச்சுக்கிட்டிருக்கேன்?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சிவப்பு, சிவப்பு என்று அவர் வேறு யாரிடமாவது சொல்லலாம்; யாராவது நம்பலாம். மாரீனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்றேன்.

“போன மாசம் அடுப்பை அணைக்க மறந்துட்டாரு,” என்றார் மாரீன். “ஒரே ஒரு தடவைதான், டெஸ்மண்ட்.”

“எதுக்கும் தேதி போட்டு எழுதி வைங்க. டாக்டருக்கு உதவும்.”

எண்பத்து மூன்று வயதுக்காரர் யாரையும் மூன்று மாதம் குறிப்பெடுத்தால் ஒரு நோட்டு நிறையும். இது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். ஓல்ட்ராய்டும் தன்னை நம்புவதை விட்டுவிட்டார். ரொட்டி வாங்கினோமா என்று மகளிடம் கேட்டார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்த்தார். டாக்டர் எதைக் கேட்டாலும் முதலில் மாரீனைப் பார்த்தாராம். “பதினோரு வருஷம் அடிச்ச கலரே ஞாபகமில்லாதவன்கிட்ட தேதியைக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்றாராம். இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். லீக்ஸ் பாத்தி இப்போது புல்தரை.

அவர் மூளையில் கோளாறு எதுவும் இருக்கவில்லை. கோளாறு நான் அடித்த மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஒரு வேகனைக் கையில் கொடுப்பேன். விரலால் பலகைகளைத் தடவிக்கொண்டே கேட்பார்.

“கறுப்புதானே, தம்பி?”

“கறுப்புதான், மிஸ்டர் ஓல்ட்ராய்ட்.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் பேருந்து ஏறுகிறேன். ஆனால், இந்த நிலையில் இருக்கும் மனிதரைப் போய்க் குழப்புவது நியாயமாகப் படவில்லை.